எந்த மின்சாரம் நல்லது? பிள்ளைகளே எடைபோடட்டும்

"எந்த மின்சாரம் நல்லது?" என்றால் பிள்ளைகள் உடனே "சூரிய மின்சாரம்" என்பார்கள். ஏன் என்று கேளுங்கள். நன்மை, குறை என இரு கட்டங்களில் எழுதச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி அனல்மின் நிலையம் இரவிலும் ஓடும். புகையும் சாம்பலும் வரும். கூடங்குளத்தில் ஓர் அணு உலையின் திறனே 1000 மெகாவாட். புகை இல்லை, ஆனால் கழிவை நெடுங்காலம் காக்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை. பருவக்காற்று ஓய்ந்தால் உற்பத்தி குறையும். சூரியத் தகடு இரவில் வேலை செய்யாது. நீர்மின்சாரத்துக்கு மழை வேண்டும். மழை பொய்த்தால் அணை என்னாகும் என்பது பிளவக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைக்க, பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய். மீதிச் செலவு எத்தனை ஆண்டில் மின்கட்டணத்தில் மிச்சமாகும்? இந்தக் கணக்கைப் பிள்ளையிடமே கொடுங்கள். பிறர் பேச்சை நம்பிக் கடனில் விழாமல், எடைபோட்டு முடிவெடுக்க அது பழக்கும்.