ஒரே குட்டு, ரெண்டு கதை: மலைக்கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் கதையைத் திருப்பிய விதம்

சிறுவர் கதைகளில் "திருப்பிப் போட்ட கதை" என்று ஒரு வகை உண்டு. எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய கதையை எடுத்து, ஏதோ ஒரு இடத்தில் திருப்பி, வேற மாதிரி சொல்வது. ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய சந்தையே இருக்கு. ரோல்ட் டால் 1982-ல் சின்ட்ரெல்லா முதலான ஆறு கதைகளைக் கேலிப் பாட்டுகளாகத் திருப்பினார். ஜான் செஸ்காவின் 1989-ம் வருடப் புத்தகத்தில் மூன்று பன்றிக்குட்டிகள் கதையை ஓநாயே சொல்கிறது. வீட்டை ஊதித் தள்ளணும்னு அது போகவே இல்லையாம். சர்க்கரை கடன் கேட்கப் போன இடத்தில், ஜலதோஷத்தில் தும்மினதுக்கு வீடு விழுந்துடுச்சாம்.

இதைப் படிச்சதும், இது வெளியிலிருந்து வந்த சரக்கு, நம்ம ஊர்ல பாட்டி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றதுதான் வழக்கம்னு தோணலாம். ஆனா திருச்சி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் சுத்தி வழங்குகிற கதைகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பார்த்தா, கதையைத் திருப்புவது எப்படின்னு ஒரு முழுப் பாடமே கிடைக்குது. அதைத்தான் இந்தப் பதிவில் குறித்து வைக்கிறேன்.

முதல்ல, காக்கா

பாட்டி வடை சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும். நரி பாடச் சொன்னது, காக்கா பாடியது, வடை விழுந்தது. அதோட ரெண்டாவது வடிவமும் இப்போ பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரியும். நரி பாடச் சொன்னதும், காக்கா வடையைக் காலுக்கு அடியில் வெச்சுக்கிட்டு, அப்புறம் பாடும்.

இதில் மாறினது எவ்வளவுன்னு பாருங்க. பாட்டி, வடை, மரம், நரி, நரியின் பேச்சு எல்லாம் அதே. ஒரே ஒரு அசைவுதான் புதுசு. தொப்பி வியாபாரியும் குரங்குகளும் கதையிலும் இப்படித்தான். வியாபாரியின் பேரன் வருவான், தாத்தா சொன்ன மாதிரியே தொப்பியைக் கழட்டிக் கீழே போடுவான். குரங்கு ஒண்ணு இறங்கி வந்து அதையும் எடுத்துக்கிட்டு, "உனக்கு மட்டும்தான் தாத்தாவா?"ன்னு கேட்கும். கேட்கிறவங்களுக்குப் பழைய கதை அப்படியே ஞாபகம் இருந்தால்தான் சிரிப்பு வரும். நாலு விஷயத்தைச் சேர்த்து மாத்திட்டா அது வேற கதை. அதில் திருப்பம் தெரியாது.

ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததை விட்டுடு. இந்த விதியைக் கையில் வெச்சுக்கிட்டு மலைக்கோட்டைக்கு வரலாம்.

ராவணன் இருந்த இடத்தில் விபீஷணன்

கர்நாடகக் கடற்கரையில் இருக்கிற கோகர்ணத்தின் கதை இது. ராவணன் தவம் செய்து சிவனிடம் ஆத்மலிங்கத்தை வாங்குகிறான். வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது என்று நிபந்தனை. சாயங்கால அனுஷ்டானத்துக்கு நேரமாகிவிட்டது. அங்கே மாடு மேய்க்கிற பையனாக வினாயகர் நிற்கிறார். லிங்கத்தை அவன் கையில் கொடுத்துட்டு ராவணன் போக, பையன் மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறான். லிங்கம் அசையவில்லை. ராவணன் கோபத்தில் பையன் தலையில் குட்டுகிறான். அந்தக் குட்டின் தழும்பு என்று கோகர்ண கணபதியின் தலையில் ஒரு பள்ளத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஜார்க்கண்டில் இருக்கிற வைத்தியநாதம் கோயிலுக்கும் கிட்டத்தட்ட இதே கதை உண்டு.

இப்போ திருச்சிக் கதை. ராமர் பட்டாபிஷேகம் முடிந்ததும், தன் குலம் வழிபட்ட ரங்கநாதரை விமானத்தோடு விபீஷணனுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். வழியில் கீழே வைக்கக் கூடாது. காவிரிக்கரைக்கு வந்ததும் அனுஷ்டானத்துக்கு நேரம். ஒரு சின்னப் பையன் நிற்கிறான். அவன் கையில் கொடுத்துட்டு விபீஷணன் ஆத்தில் இறங்க, பையன் கீழே வைத்துவிடுகிறான். விமானம் அசையவில்லை. பையன் ஓடிப்போய் மலை உச்சியில் உட்கார்ந்துகொள்கிறான். துரத்திப் போன விபீஷணன் நெற்றியில் ஒரு குட்டு வைக்கிறான். உச்சிப் பிள்ளையார் நெற்றியில் இருக்கிற பள்ளம் அதுதான் என்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. நிபந்தனை, சாயங்காலம், பையன், அசையாத சாமி, நெற்றியில் குட்டு, தழும்பு, எல்லாம் ஒண்ணு. எது முந்தி, எது பிந்தின்னு இங்கே பேசப் போவதில்லை. கதை கேட்கிற குழந்தைக்கு முக்கியம் ஒண்ணுதான்: வாங்கிக்கிட்டுப் போற ஆள் மாறிட்டான்.

அந்த ஒரு மாற்றத்தில் கதையின் நியாயமே தடம் மாறுது. ராவணன் ஏமாந்தா நமக்கு சந்தோஷம். அவன் கையில் அந்த லிங்கம் போயிருந்தா உலகமே கெட்டிருக்கும். அவன் குட்டினது கெட்டவனோட கோபம். ஆனா விபீஷணன் என்ன தப்பு செய்தான்? அண்ணனையே விட்டுட்டு ராமர் பக்கம் வந்தவன். திருடவில்லை, பிடுங்கவில்லை, பரிசாகக் கொடுத்ததை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனான். அவனை ஏமாத்தினது தேவர்கள் தரப்பு. காரணம், அசுர குலத்துக்கு அந்தப் பொருள் போகக் கூடாது என்பது. அப்போ உச்சிப் பிள்ளையார் நெற்றியில் இருக்கிறது நியாயமான கோபத்தின் தழும்பு. அதே பள்ளம், அர்த்தம் நேர் எதிர்.

நல்லவனை ஏமாத்திட்டு கதை அப்படியே முடிஞ்சுடலை. ரங்கநாதர் விபீஷணனைச் சமாதானப்படுத்துகிறார். நான் இங்கேயே இருக்கிறேன், ஆனா உன் இலங்கையைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன் என்கிறார். ஸ்ரீரங்கத்து மூலவர் தெற்கு நோக்கிப் படுத்திருப்பதற்குச் சொல்கிற காரணம் இது. பெருமாள் இலங்கையை நோக்கிக் கிடக்கிறார் என்பதைத் தொண்டரடிப்பொடியாழ்வாரே திருமாலையில் பாடியிருக்கிறார். அதனால் இந்தத் தொடர்பு ரொம்பப் பழசு. வால்மீகியின் யுத்த காண்டத்தில் இவ்வளவு விரிவு கிடையாது. விபீஷணன் 'குலதனம்' பெற்றுக்கொண்டு இலங்கை போனான் என்பதோடு சரி. அந்தச் சின்ன இடைவெளியில்தான் காவிரி, பையன், மலை எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கு.

மலை மேலே நானூறு படிக்கு மேல ஏறி, உச்சியிலிருந்து வடக்கே பார்த்தா ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். நடுவில் காவிரி. "அப்போ பையன் ஆத்தை எப்படித் தாண்டினான்?"னு ஒரு குழந்தை கேட்டா, அது நல்லா கதை கேட்கிற குழந்தை.

வெள்ளத்தை நிறுத்தாத சாமி

அதே மலையில், உச்சிக்குக் கீழே தாயுமானவர் சன்னதி. செவ்வந்திப் புராணம் சொல்கிற கதை எல்லாருக்கும் தெரியும். ரத்னாவதி என்கிற பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து அம்மா வரணும். காவிரியில் வெள்ளம், அம்மாவால் கரை தாண்ட முடியவில்லை. இங்கே பொண்ணு வலியில் சாமியைக் கூப்பிடுகிறாள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அடுத்து என்ன ஆகும்னு குழந்தைகளைக் கேட்டா, பெரும்பாலும் "சாமி வந்து வெள்ளத்தை நிறுத்துவார்"னுதான் பதில் வரும். மாயக் கதைகளின் வழக்கமும் அதுதான். சக்தி உள்ளவர் சக்தியைக் காட்டணும், ஆறு பிளந்து வழி விடணும். இந்தக் கதை அந்த வழியில் போகவில்லை. சிவன் அந்தப் பெண்ணின் அம்மா மாதிரியே உருவம் எடுத்து வந்து, பிரசவம் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, பத்தியம் பார்த்து, வெள்ளம் வடிகிற வரைக்கும் கூடவே இருக்கிறார். வெள்ளம் அது பாட்டுக்கு ஓடுது.

இங்கே மாற்றினது உதவியின் வகையை. பராக்கிரமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரசவ அறை வேலை வந்து நிற்குது. கதையில் ஆண் தெய்வம் செய்கிற பெரிய சாகசம், வெந்நீர் வைப்பதும் துணி மாற்றுவதும்.

கடைசியில் வெள்ளம் வடிந்து, உண்மையான அம்மா வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே ஒரு அம்மா, வெளியே ஒரு அம்மா. கதையில் பயமும் ஆச்சரியமும் ஒண்ணா வர்ற இடம் இதுதான். சொல்லும்போது இதை அவசரமா தாண்டிப் போயிடாதீங்க. கொஞ்ச நேரம் இரண்டு அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிற்கட்டும். உள்ளே இருந்தவள் மறைந்த பிறகுதான் வந்தது யார்னு தெரியுது. சாமிக்குக் கிடைத்த பெயர் 'தாயும் ஆனவர்'. இன்றைக்கும் சுகப்பிரசவம் வேண்டிக்கிட்டு இங்கே வாழைத்தார் கொடுக்கிறார்கள்.

எதிரி வீட்டுப் பொண்ணு

மூணாவது கதைக்கு ஆத்தைத் தாண்டி மறுபடி ஸ்ரீரங்கம் போகணும். இதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி இருக்கு. 1311-ல் மாலிக் காபூர் படை வந்தது. 1323-ல் மறுபடி டெல்லிப் படை. உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கிட்டு அடியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். 1371-ல்தான் அவர் ஸ்ரீரங்கம் திரும்பினார். அது வரலாறு.

கோயிலொழுகில் இருக்கிற கதை வேற மாதிரி ஓடுது. படை சாமியின் விக்கிரகத்தை டெல்லிக்குக் கொண்டுபோய்விட்டது. சுல்தானின் மகள் அதைப் பொம்மையாக வெச்சு விளையாடுகிறாள். பொம்மை மேல் அவளுக்கு உயிர். ஸ்ரீரங்கத்திலிருந்து படைக்குப் பின்னாலேயே நடந்து போன ஒரு பெண் இதைக் கண்டுபிடித்து ஊருக்கு வந்து சொல்கிறாள். பாட்டும் ஆட்டமும் தெரிந்த ஒரு கூட்டம் டெல்லிக்குப் போய், ராஜாவை மகிழ்வித்து, பரிசாக விக்கிரகத்தைக் கேட்டு வாங்குகிறது. இளவரசி தூங்கும்போது எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். விழித்தவள் பொம்மையைக் காணாமல் தவித்து, தேடிக்கொண்டே ஸ்ரீரங்கம் வந்து, கோயிலில் உயிரை விடுகிறாள்.

இதில் திருப்பம் எங்கே? சாமியைத் தூக்கிக்கிட்டுப் போன கதையில், கேட்கிறவங்க எதிர்பார்ப்பது சண்டையும் பழிவாங்கலும். கதை அந்த எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய், அங்கே ஒரு சின்னப் பொண்ணைக் காட்டுது. அவளுக்கு நடந்ததும் பறிகொடுத்தல்தான். நம்ம கிட்டேயிருந்து எடுத்தாங்க, நாம அவ தூங்கும்போது எடுத்தோம். நியாயமா திரும்ப வாங்கினதுதான், ஆனாலும் அவள் அழுகை பொய்யில்லை. துலுக்க நாச்சியார் என்று அவளுக்குக் கோயிலில் சித்திர வடிவில் சன்னதி இருக்கு. ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். பெருமாளுக்கே கைலி சாத்துகிற வழக்கமும் உண்டு. கர்நாடகத்தில் மேல்கோட்டை செல்வப்பிள்ளைக்கும் இதே மாதிரி ஒரு இளவரசி கதை இருக்கு.

கடனை அடைக்கிற கதைகள்

இந்த மூணு கதையிலும் ஒரு பொது விஷயம் எனக்குப் படுது. திருப்பத்தினால் யாருக்கு நஷ்டமோ, அவங்களுக்குக் கதை ஏதாவது திருப்பித் தருது. விபீஷணனுக்குத் தெற்குப் பார்வை. வந்து சேர முடியாத அம்மாவுக்கு, சாமியின் பெயரிலேயே 'தாய்'. இளவரசிக்கு ரொட்டியும் சன்னதியும்.

இப்போ வருகிற பல திருப்பிப் போட்ட கதைகளில் இதுதான் காணோம். ஓநாய் நல்லவன், பன்றி கெட்டவன். ராஜகுமாரி வீரி, ராஜகுமாரன் மக்கு. பலகையின் பக்கத்தைத் திருப்பினா ஆச்சா? போன பக்கத்தில் இருந்த அநியாயம் இந்தப் பக்கத்தில் வேற ஆள் தலையில் விழுது, அவ்வளவுதான். குழந்தை ஒரு தடவை சிரிக்கும், ரெண்டாவது தடவை கேட்காது.

இன்னொரு பக்கம், பழைய கதையைச் சொல்கிற பெரியவங்க அதை வழவழன்னு தேய்த்துவிடுகிறோம். உச்சிப் பிள்ளையார் கதையைப் பல சிறுவர் புத்தகங்களுக்கேத்த மாதிரி சுருக்கும்போது முதலில் போவது அந்தக் குட்டுதான். சாமியை அடிக்கலாமான்னு சங்கடம். குட்டை எடுத்துட்டா விபீஷணனின் நியாயமும் போயிடும். மிஞ்சுவது ஒரு குறும்புக்காரப் பிள்ளையார் கதை. "நல்லவனை ஏன் ஏமாத்தணும்?" என்கிற கேள்வி குழந்தைக்கு வரவே வராது. அந்தக் கேள்விக்கு நம்ம கிட்ட சரியான பதில் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. கேள்வியோட ஒரு குழந்தை தூங்கப் போனா கெட்டுப்போயிடாது. அம்புலிமாமா விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை வருஷக்கணக்கா குழந்தைகள் படிச்சதே, ஒவ்வொண்ணும் கேள்வியில் முடிந்ததால்தான்.

எழுதிப் பார்க்க ஒரு வழி

வீட்டிலேயோ வகுப்பிலேயோ பிள்ளைகளோட எழுதிப் பார்க்கணும்னா இது போதும். எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு. அதில் ஒரே ஒரு மாற்றம். மத்ததெல்லாம் பழைய பாதையில் ஓடணும். கடைசியில் ஒரு கேள்வி: இப்போ யாருக்கு நஷ்டம், அவங்களுக்கு என்ன கொடுக்கப் போறோம்?

உதாரணத்துக்கு சிங்கமும் முயலும். முயல் லேட்டா வருது, வழியில் இன்னொரு சிங்கம்னு சொல்லுது, கிணத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகுது. எல்லாம் அதே. ஒண்ணை மட்டும் மாத்துங்க: அந்த வருஷம் மழை இல்லை, கிணத்தில் தண்ணி இல்லை.

சிங்கம் எட்டிப் பார்க்குது. உள்ளே எந்தச் சிங்கமும் இல்லை, காய்ஞ்ச மண்தான் இருக்கு. பக்கத்தில் முயல் நிற்குது. சிங்கத்துக்குப் பசி, அதைவிட தாகம். முயலுக்கும் தாகம்தான்.

இனிமே பிள்ளைகள் சொல்லட்டும்.