விருந்து சபையுடையது, சாவி அரசுடையது

காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்க மாநாட்டை 2015 செப்டம்பர் இறுதியில் நடத்த இஸ்லாமாபாத் தயாராகிக்கொண்டிருந்தது. ஜம்மு காஷ்மீர் பேரவைத் தலைவருக்கு அழைப்பு போகவில்லை. காஷ்மீர் சர்ச்சைக்குரிய பகுதி என்பது பாகிஸ்தானின் வாதம். ஆனால் அந்தப் பேரவை, சங்கத்தின் முறையான கிளையாக இருந்தது. அவரை அழைக்காவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று மக்களவை சபாநாயகர் சுமித்ரா மகாஜன் தலைமையில் கூடிய மாநிலப் பேரவைத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். பாகிஸ்தான் மாநாட்டையே கைவிட்டது.

அடுத்த மாநாடு டாக்காவில் நடப்பதாக இருந்தது. 2016 ஜூலையில் அந்நகரின் ஹோலி ஆர்ட்டிசன் உணவகத்தில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. பாதுகாப்பை எண்ணி மாநாட்டை லண்டனுக்கு மாற்றினார்கள். டாக்காவின் முறை 2017 நவம்பரில்தான் வந்தது.

இரண்டிலும் தடையாக நின்றது பணம் அல்ல. அழைப்பிதழில் சபாநாயகரின் கையெழுத்து இருக்கும். ஆனால் விசா வெளியுறவுத் துறையிடம், காவல் உள்துறையிடம், கஜானா நிதித் துறையிடம். அரங்கம், உடனடி மொழிபெயர்ப்பு, விருந்து போன்ற கண்ணுக்குத் தெரியும் செலவுகளைச் சபைச் செயலகம் தன் கணக்கில் காட்டலாம். போலீஸ் பாதுகாப்பும் விமான நிலைய ஏற்பாடுகளும் வேறு துறைகளின் கணக்கில் கரைந்துவிடுகின்றன. மாநாட்டுக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு என்று ஓர் உறுப்பினர் கேட்டால், ஒரே தாளில் பதில் கிடைப்பது கடினம்.

இத்தகைய நாடாளுமன்றக் கூட்டங்கள் பிறந்த கதையே வேறு. 1889-இல் பிரிட்டனின் வில்லியம் ராண்டல் கிரீமரும் பிரான்ஸின் பிரடெரிக் பாஸியும் தொடங்கியது இன்றைய சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியம். போரை விட்டுவிட்டு நடுவர் தீர்ப்பை நாடும்படி, அரசுகளைத் தாண்டி எம்.பி.க்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். மாநாடு நடத்தும் நாடு எல்லா உறுப்பினர்களுக்கும் விசா தர உறுதியளிக்க வேண்டும் என்று அந்த ஒன்றியம் இன்றும் கேட்கிறது. ஆனாலும் சாவி அரசிடமே இருக்கிறது. 2023 மார்ச்சில் மனாமாவில் அது கூடியபோது, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பினருக்குத் தந்த விசாவை பஹ்ரைன் அரசு ரத்து செய்தது.

நம் ஊரிலும் சபைக்கும் அரசுக்கும் இடையிலான கோடு மங்கலாகத்தான் இருக்கிறது. 1949-இல் உருவான இந்திய நாடாளுமன்றக் குழு, மேலே சொன்ன இரு அமைப்புகளிலும் இந்தியாவின் பிரதிநிதி. மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனி மானியக் கோரிக்கைகள் உண்டு. ஆனாலும் 2023 அக்டோபரில் டெல்லி துவாரகாவின் யசோபூமியில் நடந்த ஜி20 சபாநாயகர்கள் மாநாடு, அரசின் ஜி20 தலைமை ஆண்டு விழாக்களில் ஒன்றாகவே பார்க்கப்பட்டது. கனடாவுடனான தூதரகச் சண்டை சூடாக இருந்த நேரம். அந்நாட்டு செனட் சபாநாயகர் வரவில்லை.

செய்யவேண்டியவை இரண்டு. அழைப்பு, விசா பற்றிய அரசின் உறுதியை, மாநாட்டை ஏற்கும் முன்பே எழுத்தில் வாங்கி அவையில் வைக்க வேண்டும். எல்லாத் துறைகளின் செலவையும் ஒரே அறிக்கையாகத் தொகுத்து, மாநாடு முடிந்ததும் தாக்கல் செய்ய வேண்டும். அரசின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கும் அதிகாரம் பெற்ற சபை, தன் பெயரில் நடக்கும் செலவுக்கு விதிவிலக்குக் கோர முடியாது.