பானுமதியின் துணிச்சலுக்கு அடித்தளம் எது?

நடிகை பானுமதி என்றதும் பலரும் அவருடைய துணிச்சலைத்தான் முதலில் சொல்வார்கள். சிலர் அதற்குத் 'திமிர்' என்றே பெயர் வைத்தார்கள். எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்திலிருந்து கருத்து வேறுபாட்டால் பாதியிலேயே விலகினார். அவர் ஏற்ற பாத்திரம் இறந்துபோவதாகக் கதையை நகர்த்த வேண்டியதாயிற்று. இந்தத் துணிச்சலைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அவருடைய உழைப்பு கண்ணில் படாமல் போகும். வேண்டாம் என்று எழுந்து போவதற்குத் தேவையான வசதிகளை அவர் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக்கொண்டவர்.

முதல் வசதி குரல். ஓங்கோலுக்கு அருகே தொட்டவரத்தில் 1925இல் பிறந்தவருக்குத் தந்தையே இசை கற்றுக்கொடுத்தார். 1939இல் 'வரவிக்ரயம்' படத்தில், வரதட்சணைக்குப் பலியாகும் பெண்ணாக அறிமுகமானார். பின்னணிக் குரல் வழக்கமாகிவிட்ட காலத்திலும் தன் பாட்டைத் தானே பாடினார். அடுத்தது சொந்த நிறுவனம். கணவர் பி.எஸ். ராமகிருஷ்ண ராவுடன் சேர்ந்து, மகன் பெயரில் பரணி பிக்சர்ஸைத் தொடங்கினார். பிறகு சென்னையில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது. 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். அவருக்கு முன்பே டி.பி. ராஜலக்ஷ்மி 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கியிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இரண்டு பாத்திரங்களையும் மூன்று மொழிகளையும் ஒருசேரச் சுமந்தது அசாத்தியமான வேலை.

இயக்குநரான கணவரின் துணை இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பரணி படங்கள் பலவற்றை இயக்கியவர் அவரே. ஆனால் பிற நிறுவனங்களின் தளத்தில் பானுமதி தனியாகத்தான் நின்றார், அதற்கு விலையும் கொடுத்தார். விஜயா நிறுவனத்தின் 'மிஸ்ஸம்மா'வில் சில காட்சிகள் எடுத்த பிறகு, தயாரிப்பாளர் சக்ரபாணியோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் வாய்ப்பு கைநழுவியது. அந்த இடத்துக்கு வந்த சாவித்திரி பெரிய நட்சத்திரமானார். ஒரு நல்ல படத்தை இழந்தது இழப்புதான். ஆனாலும் பானுமதி ஓய்ந்துவிடவில்லை. 1956இல் மட்டும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்', 'ரங்கோன் ராதா' எனப் பல படங்களில் நடித்தார். கோபக்காரர் என்று பேசியவர்களுக்கும் அவர் தேவைப்பட்டார் என்பதுதான் இதற்குப் பொருள்.

கதாநாயகி வேடங்கள் குறையும் வயதில் பலருக்குத் திரைக்கு வெளியே பிடிமானம் இருப்பதில்லை. பானுமதிக்கு எழுத்து இருந்தது. மாமியாரை நகைச்சுவையாகக் காட்டும் 'அத்தகாரி கதலு' தெலுங்கு வாசகர்களின் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. சென்னையில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். தன் கதையைத் தானே எழுதிய 'நாலோ நேனு', திரைப்பட நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது.