தாக்குவதும் பொறுப்பதும்

கரோனா பெருந்தொற்றுக்குப் பிறகு, 'நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்' என்ற விளம்பர வாசகத்தைக் காணாத நாளில்லை. பணப்புழக்கத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் நாட்டின் வளம் பெருகிவிடாது, பணவீக்கமே மிஞ்சும். நோய் எதிர்ப்பு ஆற்றலும் அத்தகையதே. அளவும் இலக்கும் தவறினால் அதுவே நோயாகும்.

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்புப் படையே அழிக்கிறது. முடக்குவாதத்தில் மூட்டுகள் அதன் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. எனில், எதைத் தாக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்பதை உடல் எவ்வாறு முடிவு செய்கிறது?

விடையின் முக்கியமான பகுதி 1973-இல் கிடைத்தது. நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும், எலியின் மண்ணீரலில் மரக்கிளை போன்ற நீட்சிகளுடைய செல்களைக் கண்டனர். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவற்றுக்கு 'டென்ட்ரிடிக் செல்' எனப் பெயரிட்டனர். தமிழில் கிளைச்செல் எனலாம்.

தோல், நுரையீரல், குடல் ஆகியவற்றில் காவல் இருக்கும் இச்செல்கள், சுற்றியுள்ளவற்றைச் சிறிது சிறிதாக விழுங்கிச் சோதிக்கின்றன. அவற்றில் உள்ள 'டோல் வகை ஏற்பி' எனும் புரதங்கள் கிருமியின் அடையாளத்தை உணர்ந்ததும், செய்தி ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. இறுதியில் 'என்எஃப்-கப்பா பி' என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, உரிய மரபணுக்களை இயக்குகிறது. கிளைச்செல் முதிர்ச்சியடைந்து நிணநீர் முடிச்சுக்குச் செல்கிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது, அங்கே நிகழும் பரபரப்பின் வெளித்தோற்றமே.

அங்கு அது கிருமியின் துணுக்கை டி செல்களுக்குக் காட்டுகிறது. இது முதல் சமிக்ஞை. முதிர்ந்த கிளைச்செல்லின் மேற்பரப்பில் மிகுதியாகத் தோன்றும் சிடி80, சிடி86 ஆகிய புரதங்கள் தருவது இரண்டாம் சமிக்ஞை. வங்கிப் பெட்டகத்துக்கு வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் தேவைப்படுவதுபோல, தாக்குதலுக்கு இவ்விரண்டும் தேவை. முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்தால் டி செல் செயலற்றுப்போகும். அல்லது பிற செல்களை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்லாக மாறும். இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்கள் கிளைச்செல்லின் முதிர்ச்சியைத் தடுத்து இந்தப் பொறுமையைக் காக்கின்றன.

ஆக, சகிப்புத்தன்மை என்பது உடலின் பலவீனம் அன்று. சமிக்ஞைகளை எடைபோட்டு எடுக்கப்படும் முடிவு. ஸ்டைன்மனுக்கு 2011-இலும், ஒழுங்குமுறை டி செல்களைக் கண்டறிந்து விளக்கிய மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோருக்கு 2025-இலும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது இந்தப் புரிதலின் மதிப்பைக் காட்டுகிறது. ஸ்டைன்மன், அறிவிப்புக்கு மூன்று நாள்கள் முன்னரே மறைந்துவிட்டார்.

இன்று தன்னெதிர்ப்பு நோய்களுக்குத் தரப்படும் மருந்துகள் பலவும் நோய் எதிர்ப்பைப் பொதுவாகத் தணிப்பவை. அதனால் தொற்று அபாயம் கூடுகிறது. நோயாளியின் கிளைச்செல்களையே பொறுமைக்குப் பழக்கி மீண்டும் உடலில் செலுத்தும் ஆய்வுகள் தொடக்கநிலையில் உள்ளன. அவை கனிய ஆண்டுகள் பல ஆகலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்காக நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரை உண்பவர், விளம்பரத்தை நம்பி அதைப் பெருக்குவதாகச் சொல்லும் பொடியையும் வாங்குவது முரண். வாங்கும் முன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது. உடலுக்குத் தேவை பெருக்கம் அன்று; சமநிலை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).