பழைய காரின் முன்னாசனங்கள்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் இயந்திரத்துக்குக் காட்டும் அக்கறையில் காற்பங்கைத்தானும் ஆசனங்களுக்குக் காட்டுவதில்லை. எண்ணெய் மாற்றுவர்; பிறேக்கைச் சரிபார்ப்பர்; குழிவிழுந்த சாரதி ஆசனத்தின்மீதோ ஒரு துவாயை மடித்துப் போட்டுவிட்டு அமைதியடைவர். துவாய் குழியை மறைக்குமேயன்றி நிரப்பாது. அதில் நாள்தோறும் அமர்ந்து வண்டியோட்டும் குடும்பத் தலைவரின் இடுப்பே அதற்குரிய விலையைக் கொடுக்கின்றது.

1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொரிஸ் மைனரை யாழ்ப்பாண வீதிகளில் நாம் இன்றும் காண்கின்றோம். 1990இன் பின் எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்த வண்டிகளுள் அதுவும் ஒன்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழிந்தே மீளத் தொடங்கியமையால், பழைய வண்டியைப் பேணுவது பலருக்கு விருப்பமாக மட்டுமன்றித் தேவையாகவும் ஆயிற்று. அதன் முன்னாசனங்களை வீட்டிலேயே செப்பனிட இயலுமா? இயலும். குஷன் கடைக்குச் செல்லவேண்டிய பகுதி மிகச் சிறிதே.

ஆசனத்தின் அமைப்பு எளியது. உருக்குக் குழாய்ச் சட்டம், அதன் குறுக்கே இழுத்து மாட்டிய இறப்பர்ப் பட்டிகளோ அதுபோன்ற வேறு தாங்கியோ, அதன்மேல் மெத்தை, எல்லாவற்றையும் போர்த்தும் தோல் அல்லது றெக்சின். நம் கண்ணுக்குப் படுவது போர்வை மாத்திரமே. ஆதலால் அதுவே பழுதென எண்ணிப் புதுப் போர்வைக்குப் பணத்தைக் கொட்டுகின்றோம். கீழே தாங்கி தளர்ந்திருக்க, மேலே புதுப் போர்வை போடுவது, அத்திவாரம் இறங்கிய வீட்டுக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும்.

இறப்பர் ஏன் தளர்கின்றது என்பதை மாணவர் அறிதல் நன்று. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு மீளும் ஆற்றல் அப்பிணைப்பினாலேயே வருகின்றது. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் ஆண்டுக்கணக்கில் அச்சங்கிலிகளைத் தாக்க, இறப்பர் வெடித்து உதிர்கின்றது. எண்ணெய் பட்டாலோ ஊதி வலுவிழக்கும். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளோடு நம் நாட்டு இறப்பரின் கதை தொடங்கிற்று. இங்கிருந்து கப்பலேறிய பாலில் ஒரு துளி இங்கிலாந்தில் ஆசனப் பட்டியாகி, மீண்டும் நம் வாசலுக்கே வந்திருக்கவுங்கூடும்!

வேலையைத் தொடங்குமுன் ஒரு விதி: இரண்டு ஆசனங்களையும் ஒருங்கே கழற்றலாகாது. அருகிருப்பவரின் ஆசனம் பெரும்பாலும் குறைவாகவே தேய்ந்திருக்கும். அதுவே நமக்கு அளவுகோல். மெத்தையின் உயரம், மடிப்பு, பிடிகளின் இடைவெளி யாவற்றையும் அதைப் பார்த்தே அறியலாம். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்க. பழைய மெத்தை தூளாக உதிருமாதலால் மூக்கை மூடிக்கொண்டு முற்றத்திற் செய்வதே நலம்.

ஆசனம் வெளியே வந்ததும் முதலில் நோக்கவேண்டியது ஆசனத்தையன்று, அது பூட்டப்பட்டிருந்த தரைத் தகட்டையே. மைனரின் தரை கறள் பிடிப்பதற்குப் பேர்பெற்றது. இரு கதவு வண்டியில், பின்னால் ஏறுவோருக்கு வழிவிட முன்னாசனம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்கின்றது; சிறுவர்கள் அதைப் பிடித்துத்தான் ஏறுவர். கறள் தின்ற தகட்டிற் பூட்டிய ஆசனம், திடீரெனப் பிறேக் அழுத்தும் கணத்திற் பெயர்ந்துவிடின் விளைவு என்னாகும்? திருப்புளியால் அழுத்திக் குத்துக. தகடு நொறுங்கினால் வேலையை அவ்வளவில் நிறுத்தி, வெல்டிங் தெரிந்தவரை அழைத்தேயாக வேண்டும். இதிற் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமையன்று.

சட்டத்தைச் சுரண்டிக் கறள் தடுக்கும் பூச்சுப் பூசியபின் பட்டிகளை மாட்டலாம். புதுப் பட்டி இடைவெளியிலும் பத்திலொரு பங்கு குறைந்திருக்கவேண்டும். 50 சதம மீற்றர் இடைவெளிக்கு 45 போதும். இழுத்து மாட்டும்போது இறுக்கம் தானே வரும். மெத்தைக்கு அடர்த்தியான ஸ்பொஞ்சையே வாங்குக. தலையணைக்குரிய மெல்லிய வகை சில மாதங்களில் அமுங்கிவிடும். பட்டிக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையே ஒரு சாக்குத் துணி வைத்தால் உராய்வு குறையும்.

போர்வை பெரும்பாலும் தையல்விட்டுத்தான் இருக்கும், துணி கிழிந்திராது. பழைய துளைகளின் வழியே, செருப்புத் தைப்பவர் செய்வதுபோல் இரண்டு ஊசிகளால், நைலோன் நூல் கொண்டு தைக்கலாம். பருத்தி நூல் வியர்வையில் உளுத்துவிடும். றெக்சினுக்கு இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரே போதும். பெற்றோலால் துடைப்போர் அதன் மென்மையைத் தரும் பொருளையே கரைத்தெடுத்து விடுகின்றனர். தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கமும் நமக்கு உடன்பாடன்று. நம் ஈரக் காற்றில் அது பூஞ்சணத்துக்கு உணவாகும். நிறம் பூசுவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: உடையிலே ஒட்டாத நிறம் அரிது.

மீளப் போர்த்துமுன் றெக்சினைச் சிறிது நேரம் வெயிலிற் போட்டால் இளகி இணங்கும்; நம் வெயிலுக்குப் பத்து நிமிடமே மிகை. மெத்தையைப் பழைய உயரத்துக்கு மேல் உயர்த்தலாகாது. உயர்ந்தால் கால் கிளச்சுக்கு எட்டாமற் போகும்; தலையும் கூரையை முட்டும். வண்டியில் ஏற்றி, ஓட்டுபவரையே அமர்த்திப் பார்த்துத் திருகாணிகளை இறுக்குக. ஒரு வாரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கவேண்டும். புதுப் பூச்சு அமுங்கியதும் அவை சற்றுத் தளர்ந்திருக்கும்.