அஸ்வகந்தா கம்மி விக்கிற பக்கத்துல ‘யாருக்கு வேணாம்’ எங்க இருக்கு?

போன மாசம் அம்மா ஒரு லிங்க் அனுப்பினாங்க. அஸ்வகந்தா கம்மி. “நல்லா தூக்கம் வருமாம்டா, வாங்கட்டுமா?”ன்னு கேட்டாங்க. அம்மா பத்து வருஷமா தைராய்டு மாத்திரை போடுறவங்க. அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடும், அந்த மாத்திரையோட சேர்ந்தா டோஸே மாறிப்போகலாம். அதனால பக்கத்தை மேலிருந்து கீழ வரைக்கும் தேடினேன். எச்சரிக்கை இருந்துச்சு. எஃப்.ஏ.கியூல ஒன்பதாவது கேள்வி, அதையும் தட்டித் திறந்தாதான் தெரியும். “இப்போதே வாங்கு” பட்டன் மட்டும் கூடவே ஒட்டிக்கிட்டு வருது.

கோபம் வந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, நான் டிசைன் பண்ண முதல் வெல்னஸ் பக்கத்துலயும் இதே வேலையைத்தான் பண்ணி வச்சிருந்தேன்.

நம்ம ஊர்ல இது அமுக்கரா கிழங்கு. சித்த மருத்துவத்துல அமுக்கரா சூரணம்னு ரொம்ப காலமா இருக்கு. ஆனா வைத்தியர் கொடுக்கும்போது எதிர்ல உக்காந்து நாலு கேள்வி கேட்பார். ஆன்லைன்ல அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது, பக்கம்தான் கேட்கணும். கர்ப்பமா இருக்கீங்களா? தைராய்டு, சுகர், பிரஷர், தூக்க மாத்திரை ஏதாவது போகுதா? கல்லீரல் பிரச்சனை இருக்கா? இந்த நாலு வரி வாங்குற பட்டனுக்கு மேல, திறக்காமலே தெரியுற மாதிரி இருக்கணும். பேனர் படத்துக்குள்ள எழுத்தா போட்டுடாதீங்க. மொபைல்ல எறும்பு சைஸ் ஆயிடும், கண் தெரியாதவங்க வச்சிருக்கிற ஸ்க்ரீன் ரீடருக்கும் எட்டாது.

அடுத்தது அளவு. “600 மில்லிகிராம்”னு பெருசா போடுறாங்க. 600 மில்லிகிராம் வேர்ப் பொடியும் 600 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட்டும் ஒண்ணு இல்ல. எது, எத்தனை கம்மிக்கு, சர்க்கரை எவ்வளவுன்னு சொல்லணும். வேரா இலையான்னும் சொல்லணும். இலையைப் பயன்படுத்த வேணாம்னு ஆயுஷ் அமைச்சகம் 2021-லயே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியிருக்கு.

சட்டம் பத்தி சுருக்கமா. ஹெல்த் சப்ளிமெண்ட்டா வித்தா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிமம் வேணும், அந்த நம்பர் 14 இலக்கம். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ங்கிற வரி லேபிள்ல கட்டாயம். அந்த லேபிளைத் தெளிவா போட்டோ எடுத்து பக்கத்துல போடுங்க, பாதி நம்பிக்கை அதுலயே வந்துடும். “சுகரைக் குணமாக்கும்”னு எழுதுற காப்பிரைட்டருக்கு 1954-ல வந்த மாய மருந்து விளம்பரச் சட்டத்தைக் காட்டுங்க. நீரிழிவு, புற்றுநோய்னு அட்டவணையில வரிசையா இருக்கு.

“ஆய்வுகள் நிரூபித்தவை”னு ஒரு பேட்ஜ் கேட்பாங்க பாருங்க, அது எனக்குச் சுத்தமா ஆகாது. மன அழுத்தம், தூக்கம் பத்தி ஆய்வுகள் இருக்கு, ஓரளவு பலனும் காட்டியிருக்கு. ஆனா பெரும்பாலும் சின்னச் சின்ன குழு, சில வாரங்கள்தான். அதை அப்படியே எழுதினா என்ன குறைஞ்சிடும்?

இப்போ கையில இருக்கிற கிளையண்ட்கிட்ட அந்த நாலு வரியை மேல கொண்டுவரச் சொன்னேன். சேல்ஸ் விழும்னு பயந்தாங்க. ரெண்டு மீட்டிங் ஓடுச்சு. கடைசியா சரின்னாங்க, சிவப்பு கலர் மட்டும் வேணாமாம். மஞ்சள்ல வச்சிருக்கோம்.

அம்மா கம்மி வாங்கல. அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன்னாங்க.