பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் போதாது

புணேயின் ஆகுர்டியில் ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ் வீடுகளில் மலேசியாவிலிருந்து வந்த மருமகள்களும் உண்டு. குடியுரிமைப் பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான்: "பாஸ்போர்ட்டைத் தூதரகத்துல திருப்பிக் கொடுத்துட்டா முடிஞ்சதுண்ணா." முடியாது. பாஸ்போர்ட் பயணப் புத்தகம். அதைக் கொடுத்தாலும் பழைய குடியுரிமை அப்படியேதான் இருக்கும்.

கேரளத்தில் வாழும் பாகிஸ்தானியச் சகோதரிகள் இருவர் இப்படித்தான் சிக்கினார்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார்கள், ஆட்சேபணை இல்லை என்று தூதரகமும் எழுதிக் கொடுத்தது. 21 வயது நிரம்பாததால் குடியுரிமைத் துறப்புச் சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இரக்கம் காட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2025 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. துறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் இந்தியக் குடியுரிமை இல்லை.

இந்தியரை மணந்தவர் 7 ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால், 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவில் மனுச் செய்யலாம். மனுவுக்கு முந்தைய 12 மாதம் இடைவெளி கூடாது. இடையில் தாய்வீடு போய் இதைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் மனுவை நிரப்பி, அச்செடுத்து, புணே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட், நடப்பிலுள்ள விசா, திருமணச் சான்றிதழ், கணவரின் இந்திய பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ் நகல்களை இணையுங்கள். மனு ஏற்கப்பட்டால் பழைய குடியுரிமையைத் துறப்பேன் என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழியும் வேண்டும்.

'துறப்பேன்' என்பதை நன்றாகப் படியுங்கள். 'துறந்துவிட்டேன்' அல்ல. முந்திக்கொண்டு துறந்துவிட்டு இங்கே மனு தள்ளுபடியானால், நீங்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அமைச்சகத்தின் ஏற்புக் கடிதம் வரட்டும். அதை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போங்கள்.

மலேசிய அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறவிருக்கும் 21 வயது நிரம்பியவர் துறக்கலாம். அறிவிப்பில் கையெழுத்திட்டதோடு வீடு திரும்பாதீர்கள். அந்த அரசு அதைப் பதிவு செய்தால்தான் செல்லும். பதிவான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு தொல்லை பெயர். மலேசிய பாஸ்போர்ட்டில் தந்தை பெயருக்கு முன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/பி' இருக்கும். மராட்டியத் திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் நடுவில் ஏறிவிடும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எடுத்து, முதல் நாளே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் முன், வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் நகலெடுத்து வீட்டில் வையுங்கள்.